மார்கழிப் பானையின் வேதியியல்

மார்கழி விடியலில் ஒரு தம்ளர் மிளகு ரசத்தைச் சூடாகக் குடித்தால் தொண்டை இதமாகிறது, மூக்கு திறந்துகொள்கிறது, உள்ளங்கை வரை சூடு பரவுகிறது. அந்தச் சூடு எங்கிருந்து வந்தது என்று கேட்டால் ரசத்திலிருந்துதான் என்போம். ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்த்தால் விடை வேறாக வருகிறது.

தம்ளரில் 200 மில்லிலிட்டர் ரசம் இருக்கிறது, அதன் சூடு 60 டிகிரி செல்சியஸ் என்று வைத்துக்கொள்வோம். நம் உடலின் உள்வெப்பம் 37 டிகிரி. ரசம் 60இலிருந்து 37க்கு ஆறும்போது உடலுக்குத் தரும் வெப்பம் சுமார் 4.6 கிலோகலோரி. 60 கிலோ எடையுள்ள ஒருவரின் உடல் முழுவதையும் 1 டிகிரி சூடாக்கச் சுமார் 50 கிலோகலோரி தேவை. அப்படியானால், ஒரு தம்ளர் ரசத்தால் உடம்பில் ஏறக்கூடிய சூடு 0.1 டிகிரிகூட இல்லை. நாம் சும்மா உட்கார்ந்திருக்கும்போதே உடல் நிமிடத்துக்கு ஒரு கிலோகலோரிக்குச் சற்று அதிகமான வெப்பத்தை உண்டாக்கிக்கொண்டிருக்கிறது. ரசம் கொடுத்த வெப்பத்தை நான்கே நிமிடத்தில் அது தானாகவே உண்டாக்கிவிடும்.

ஆனாலும் ரசம் குடித்தவருக்குக் கிடைத்த இதம் உண்மைதான். உடல் முழுவதன் சராசரி வெப்பநிலையை நம்மால் நேரடியாக உணர முடியாது. தோலிலும் நாக்கிலும் தொண்டையிலும் உள்ள நரம்பு முனைகள் சொல்வதைத்தான் நாம் குளிர் என்றும் சூடு என்றும் அறிகிறோம். குளிர்காலச் சமையல் இந்த நரம்புகளை நோக்கியே அமைந்திருக்கிறது. அரிசியையும் பருப்பையும் குழைய வைப்பது, வெல்லத்தை உரிய நேரத்தில் சேர்ப்பது, மிளகை நெய்யில் பொரிப்பது என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு முறை உண்டு, ஒரு வரிசை உண்டு. அந்த வரிசைக்கான காரணங்களைப் பார்ப்பதே இந்த அத்தியாயத்தின் நோக்கம்.

விடியலின் குளிர்

டிசம்பர் நடுவில் தொடங்கி ஜனவரி நடுவில் முடியும் மார்கழியில் சென்னையின் அதிகாலை வெப்பநிலை 20 டிகிரியை ஒட்டி இருக்கும். ஊட்டியில் சில இரவுகளில் அது 0 டிகிரிக்கு இறங்கிப் புல்வெளியில் உறைபனி படியும். வட நாடுகளின் பனிக்காலத்தோடு பார்த்தால் சென்னையின் குளிர் மிக லேசானது. ஆனால் துணியில்லாத மனித உடல் கூடுதல் உழைப்பின்றித் தன் வெப்பத்தைக் காத்துக்கொள்ளும் சூழல், ஏறத்தாழ 28 முதல் 32 டிகிரி வரை. அதற்குக் கீழே போனால் தோலின் இரத்தக் குழாய்கள் சுருங்கத் தொடங்குகின்றன. வெப்பம் வெளியே போகாமல் உடல் உள்ளே இழுத்துக்கொள்கிறது. விரல் நுனியும் மூக்கு நுனியும் முதலில் சில்லிடுவது இதனால்தான்.

நேரமும் ஒரு காரணம். உடலின் உள்வெப்பம் நாள் முழுவதும் ஒரே அளவில் இருப்பதில்லை. மாலையில் உயர்ந்து, விடியலுக்குச் சற்று முன் அன்றைய மிகத் தாழ்ந்த நிலைக்கு வருகிறது. கோயில்களில் மார்கழிப் பொங்கல் கைக்கு வரும் வேளை, உடல் தன் தினசரிச் சுழற்சியில் குளிர்ந்திருக்கும் வேளை. சூடான உணவு அப்போது இரட்டிப்பு இதமாகத் தெரிவதில் வியப்பில்லை.

மிளகு திறக்கும் வாயில்

1997இல் அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோவில் டேவிட் ஜூலியஸின் ஆய்வுக்கூடம் நரம்பு முனைகளில் உள்ள ஒரு புரதத்தை அடையாளம் கண்டது. மிளகாயின் காரப்பொருளான கேப்சைசின் பட்டால் அந்தப் புரதம் திறந்துகொள்கிறது. அயனிகள் உள்ளே பாய்ந்து நரம்பு மூளைக்குச் செய்தி அனுப்புகிறது. அதே புரதம் சுமார் 43 டிகிரிக்கு மேற்பட்ட சூடு பட்டாலும் திறக்கிறது. சூட்டுக்கும் காரத்துக்கும் வாயில் ஒன்றே. டிஆர்பிவி1 என்று பெயரிடப்பட்ட அந்தக் கால்வாயைக் கண்டறிந்ததற்காக ஜூலியஸுக்கு 2021இல் நோபல் பரிசு கிடைத்தது. தொடு உணர்வின் கால்வாய்களைக் கண்டறிந்த ஆர்டெம் படாபூட்டியன் அந்தப் பரிசைப் பகிர்ந்துகொண்டார்.

மிளகாய் இந்தியாவுக்கு வந்தது போர்ச்சுக்கீசியர் வருகைக்குப் பிறகுதான். அதற்கு முன் பல நூற்றாண்டுகளாக நம் சமையலில் காரம் என்றால் மேற்குத் தொடர்ச்சி மலையில் விளைந்த மிளகுதான். மிளகின் காரப்பொருள் பைப்பரின். டென்மார்க் அறிஞர் ஹான்ஸ் கிறிஸ்டியன் ஓர்ஸ்டெட் அதை முதன்முதலில் பிரித்தெடுத்தார். மின்னோட்டத்துக்கும் காந்தத்துக்கும் உள்ள உறவை 1820இல் உலகுக்குச் சொன்னவரும் இவரே. பைப்பரினும் டிஆர்பிவி1 வாயிலையே திறக்கிறது. சூடான ரசத்தில் மிளகு சேர்ந்தால் அதே நரம்புக்கு இரண்டு பக்கமிருந்தும் தட்டு விழுகிறது: ஒன்று வெப்பம், மற்றொன்று பைப்பரின். ரசம் ஆறிய பிறகும் சூடு நிலைப்பதாகத் தோன்றுவதற்குக் காரணம் இந்த இரண்டாவது தட்டு. வியர்ப்பதும் மூக்கில் நீர் வடிவதும் அதே நரம்புச் செய்திக்கு உடல் தரும் பதில்.

பைப்பரின் நீரில் மிகக் குறைவாகவே கரையும். கொழுப்பில் நன்றாகக் கரையும். வெண்பொங்கலுக்கு மிளகையும் சீரகத்தையும் நெய்யில் பொரித்துக் கொட்டுவதன் பொருள் இங்கே விளங்குகிறது. நெய்யில் இறங்கிய காரம் பொங்கல் முழுக்க ஒரே சீராகப் பரவுகிறது. முழு மிளகைப் பொரித்துப் போட்டால் காரம் அந்த மணிக்குள்ளேயே பெரும்பாலும் தங்கிவிடும். சாப்பிடுபவர் பொறுக்கி ஓரமாக வைத்துவிடுவார். ஒன்றிரண்டாக இடித்துப் போட்டால் பயன் கூடும்.

காரம் வேறு, மணம் வேறு. மிளகின் மணம் டெர்பீன் வகை எண்ணெய்களில் இருக்கிறது. அவை எளிதில் ஆவியாகும். அரைத்து டப்பாவில் வைத்த மிளகுத்தூளில் சில வாரங்களில் காரம் மிஞ்சும், மணம் போய்விடும். ரசத்தைத் தளதளவென்று கொதிக்கவிடாமல் நுரை கூடியதும் இறக்கிவிட வேண்டும் என்பதும் இதே காரணத்தால்தான். அடுப்பில் கொதித்துக்கொண்டிருக்கும் ரசம் வீடெல்லாம் மணக்கிறது என்றால், தம்ளரில் இருக்க வேண்டிய மணம் காற்றில் போய்க்கொண்டிருக்கிறது.

சுக்கு மல்லிக் காப்பியிலும் பொருள்களைச் சேர்க்கும் வரிசை முக்கியம். பச்சை இஞ்சியின் காரம் ஜிஞ்சரால் என்ற பொருளில் இருக்கிறது. இஞ்சி காய்ந்து சுக்காகும்போது ஜிஞ்சராலில் ஒரு பகுதி நீர் மூலக்கூற்றை இழந்து ஷோகால் ஆகிறது. இது ஜிஞ்சராலைவிட இரண்டு மடங்குக்குமேல் காரமானது. சுக்கு தொண்டையில் ஆழமாக இறங்குவது அதனால்தான். சுக்கின் காரம் நீரில் இறங்கச் சற்று நேரம் பிடிக்கும். மல்லி விதையின் மணமோ பெரும்பாலும் லினலூல் என்ற ஆவியாகும் எண்ணெய். எனவே தட்டிய சுக்கை முதலில் போட்டுச் சில நிமிடம் கொதிக்கவிட்டு, கருப்பட்டி சேர்த்துக் கரைத்து வடிகட்டி, கடைசியில் தட்டிய மல்லியைப் போட்டு மூடி இறக்கினால் இரண்டும் முழுதாகக் கிடைக்கும்.

சளி பிடித்தவருக்குச் சூடான பானம் என்ன செய்கிறது என்று வேல்ஸ் நாட்டின் கார்டிஃப் பல்கலைக்கழகத்தில் 2008இல் ஒரு சோதனை செய்தார்கள். 30 பேருக்குச் சூடான பழச்சாற்றுப் பானமும் அறை வெப்பநிலைப் பானமும் கொடுத்துப் பார்த்தார்கள். மூக்கில் காற்று போய்வரும் அளவைக் கருவியால் அளந்தபோது பெரிய மாற்றம் இல்லை. ஆனால் சூடாகக் குடித்தவர்கள் இருமல், தொண்டை வலி, குளிர், அசதி எல்லாம் உடனே தணிந்ததாகச் சொன்னார்கள். ரசத்தின் கணக்கு சொன்னதையே இந்தச் சோதனையும் சொல்கிறது: இதம் நரம்பு வழியே வருகிறது, அது மெய்யான நிவாரணம்.

குழைவு வரும் வழி

வெண்பொங்கல் எளிய பண்டம். பச்சரிசி, பாசிப்பருப்பு, தண்ணீர், உப்பு, நெய், மிளகு, சீரகம், இஞ்சி, கறிவேப்பிலை. இருந்தும் ஒரு வீட்டுப் பொங்கல் வெண்ணெயாக இளகி நிற்கும், இன்னொரு வீட்டில் கட்டியாகிக் கரண்டி நிற்கும். வேறுபாடு மாவுச்சத்தில் இருக்கிறது.

அரிசி மணிக்குள் மாவுச்சத்து மிக நுண்ணிய துகள்களாக அடைந்திருக்கிறது. துகளுக்குள் இரண்டு வகை மூலக்கூறுகள்: நீளமான அமைலோஸ், கிளைவிட்ட அமைலோபெக்டின். பச்சைத் தண்ணீர் இவற்றுக்குள் எளிதில் புகாது. அரிசியின் வகைக்கேற்ப 55 முதல் 79 டிகிரிக்குள் ஏதோ ஒரு கட்டத்தில் துகளின் இறுக்கம் தளர்கிறது. தண்ணீர் உள்ளே புகுந்து துகள் பல மடங்கு உப்புகிறது. அமைலோஸ் வெளியே கசிந்து நீரைக் கெட்டிப்படுத்துகிறது. வெந்த பிறகு கரண்டியின் பின்புறத்தால் மசிக்கும்போது உப்பிய துகள்கள் உடைந்து இன்னும் குழைகின்றன.

புழுங்கலரிசியில் பொங்கல் சரிவராது. நெல்லை ஊறவைத்து அவித்துக் காயவைக்கும்போதே அதன் மாவுச்சத்து ஒருமுறை வெந்து, மறுபடி இறுகிவிடுகிறது. அந்த மணி சோறாகும்போது உடையாமல் தனித்தனியாக நிற்கும். மதியச் சாப்பாட்டுக்கு அது நல்ல குணம், பொங்கலுக்கு ஆகாத குணம்.

அரிசியின் வயதும் கணக்கில் வரும். அறுவடையாகிச் சில வாரமே ஆன புத்தரிசி குறைந்த நீரிலேயே குழைந்துவிடும், பிசுபிசுப்பும் அதிகம். மாதக்கணக்கில் இருப்பு வைத்த அரிசியில் புரதங்களிடையே புதிய பிணைப்புகள் உண்டாகி மணி உறுதிப்படுகிறது. அதிகத் தண்ணீர் குடிக்கும், உதிரியாக வேகும். சம்பா அறுவடையின் புத்தரிசி தைப் பொங்கலுக்குப் பானை ஏறுவது பயிர்க் காலண்டர் தந்த வாய்ப்பு. பொங்கல் என்ற பண்டத்துக்கு அதைவிடப் பொருத்தமான அரிசி இல்லை. பழைய அரிசியில் செய்பவர்கள் ஒன்றுக்கு நாலு என்ற தண்ணீர்க் கணக்கை ஐந்துக்கு உயர்த்த வேண்டியிருக்கும்.

பாசிப்பருப்பை வாசம் வரும்வரை வறுத்துச் சேர்க்கிறோம். வறுக்கும்போது பருப்பின் அமினோ அமிலங்களும் சர்க்கரைகளும் சேர்ந்து நூற்றுக்கணக்கான மணப்பொருள்களை உண்டாக்குகின்றன. பிரெஞ்சு வேதியியலாளர் லூயி கமீல் மெய்லார்ட் 1912இல் விவரித்த வினை இது. இந்த வினை வேகம் பிடிக்க 140 டிகிரி அளவுக்குச் சூடு வேண்டும். நீரில் வேகும் பண்டம் 100 டிகிரியைத் தாண்டாது. அதனால் வறுக்காத பருப்பை எவ்வளவு நேரம் வேகவைத்தாலும் அந்த மணம் வராது. பருப்பின் பச்சை வாசனைக்குக் காரணமான நொதியும் வறுக்கும் சூட்டில் செயலிழக்கிறது.

அரிசியும் பருப்பும் சேர்வது ஊட்டத்துக்கும் நல்லது. அரிசிப் புரதத்தில் லைசின் குறைவு, மெத்தியோனின் போதிய அளவு உண்டு. பருப்பில் லைசின் தாராளம், மெத்தியோனின் குறைவு. ஒன்றின் குறையை மற்றொன்று தீர்க்கிறது.

சாதாரணப் பானையில் தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்கும். கடல்மட்டத்திலிருந்து சுமார் 2,240 மீட்டர் உயரத்தில் உள்ள ஊட்டியில் காற்றழுத்தம் குறைவு. அங்கே தண்ணீர் சுமார் 92 டிகிரியிலேயே கொதித்துவிடுகிறது. கொதி வந்துவிட்டாலும் பருப்பு மசிய வெகுநேரம் ஆகும். பிரஷர் குக்கரில் அழுத்தம் கூடுவதால் நீரின் கொதிநிலை 120 டிகிரி வரை ஏறுகிறது. மலைவாழ் வீடுகளில் குக்கர் இல்லாமல் குளிர்காலச் சமையல் கடினம் என்பதன் காரணம் இதுதான். சமவெளியிலும் நாலைந்து விசிலில் பொங்கல் குழைவது இந்தக் கூடுதல் 20 டிகிரியால்.

பொங்கல் ஆறினால் இறுகிப்போகிறதே, ஏன்? வெளியே கசிந்த அமைலோஸ் மூலக்கூறுகள் குளிரும்போது ஒன்றையொன்று தேடி அடுக்கடுக்காகச் சேர்கின்றன. இடையில் இருந்த நீர் வெளியேறுகிறது. குளிர்சாதனப் பெட்டியின் 4 டிகிரியை ஒட்டி இந்த இறுக்கம் மிக வேகமாக நடக்கிறது. மார்கழிக் குளிரில் பொங்கல் கோடையைவிட விரைவில் கட்டியாவது இந்த விதிப்படிதான். கையாள வழி உண்டு. இறக்கும்போது நமக்குப் பிடித்த பதத்தைவிடச் சற்றுத் தளர்வாகவே இறக்க வேண்டும். இறுகிவிட்டால் பச்சைத் தண்ணீர் விடாமல் வெந்நீரோ சூடான பாலோ விட்டு மறுபடி சூடாக்க வேண்டும். இறுக்கத்தின் பெரும்பகுதி கலைந்துவிடும். நெய்யைப் பொங்கல் சூடாக இருக்கும்போதே கலந்தால் அது பருக்கைகளைச் சுற்றிப் படிந்து ஒன்றோடொன்று ஒட்டாமல் தடுக்கும்.

வெல்லத்துக்கு ஒரு நேரம் உண்டு

வெல்லம் போட்ட பிறகு அரிசி வேகாது. சர்க்கரைப் பொங்கல் செய்பவர்கள் அனைவரும் அறிந்த உண்மை இது. வெல்லத்தின் பெரும்பகுதி சுக்ரோஸ் சர்க்கரை. நீரில் கரைந்ததும் சுக்ரோஸ் நீர் மூலக்கூறுகளைத் தன்னோடு பிடித்துவைத்துக்கொள்கிறது. மாவுச்சத்துத் துகள் உப்பத் தேவையான நீர் கிடைப்பதில்லை. துகள் தளரத் தேவையான வெப்பநிலையும் உயர்ந்துவிடுகிறது. அரைவேக்காட்டு அரிசியில் வெல்லம் விழுந்தால் அந்த மணி அதே நிலையில் நின்றுவிடும். பிறகு எத்தனை நாழிகை கிளறினாலும் நடுவில் விறைப்பு மிஞ்சும். அரிசியை விரலால் நசுக்கினால் விழுதாகும் வரை வேகவைத்துவிட்டு அதன் பிறகே பாகை ஊற்ற வேண்டும். சர்க்கரைப் பொங்கலுக்கு அரிசி வெண்பொங்கலைவிட அதிகம் குழைய வேண்டும் என்று சொல்வது இதற்காகத்தான்.

மார்கழி 27ஆம் நாள் கூடாரவல்லி அன்று வைணவ வீடுகளிலும் கோயில்களிலும் படைக்கும் அக்காரவடிசிலில் இன்னொரு சிக்கல் சேர்கிறது. அரிசி இங்கே பாலில் வேகிறது. வெல்லத்துக்கு லேசான அமிலத் தன்மை உண்டு. கொதிக்கும் பாலில் வெல்லத்தைப் போட்டால் பாலின் கேசின் புரதம் திரண்டு, பால் திரிந்துவிடும். அரிசி பாலில் முழுதும் குழைந்து கெட்டியான பிறகு அடுப்பைத் தணித்து, தனியே காய்ச்சி வடிகட்டி ஆறவைத்த பாகைச் சிறிது சிறிதாகச் சேர்த்தால் திரியாது. குழைந்த மாவுச்சத்து பால் புரதங்களைச் சுற்றி நின்று அவை சட்டென ஒன்றுசேராமல் தடுக்கிறது.

இனிப்பைச் சூடாகச் சாப்பிட வேண்டும் என்பதற்கும் அடிப்படை உண்டு. நாக்கின் சுவை செல்களில் இனிப்புச் செய்தியைக் கடத்தும் டிஆர்பிஎம்5 என்ற கால்வாய் வெப்பத்தைச் சார்ந்து இயங்குகிறது. 15 டிகிரியிலிருந்து 35 டிகிரி வரை சூடு ஏற ஏற, இனிப்புக்கு நரம்பு தரும் பதில் வலுப்பதை 2005இல் வெளியான ஆய்வு எலிகளில் காட்டியது. ஆறிப்போன சர்க்கரைப் பொங்கலில் இனிப்புக் குறைந்ததாகத் தோன்றும். அதை நம்பி இன்னும் வெல்லம் சேர்க்கத் தேவையில்லை, சூடாக்கினால் போதும். வெல்லத்தின் அளவைக் குறைக்க நினைப்பவர்களுக்கு இதுவே எளிய வழி: குறைவாகப் போட்டுச் சூடாகப் பரிமாறுங்கள்.

சர்க்கரைப் பொங்கலில் ஒரு துளி பச்சைக் கற்பூரம் சேர்ப்பார்கள். கற்பூரம், இளஞ்சூட்டை உணரும் டிஆர்பிவி3 என்ற கால்வாயைத் தூண்டக்கூடியது. கோயில் பிரசாதத்தின் தனி மணத்துக்கு அதுவே காரணம். அளவு கடுகளவைத் தாண்டக் கூடாது. கற்பூரம் அதிகமானால் நஞ்சு, குழந்தைகளுக்கு ஆபத்து அதிகம். பூஜைக்கு ஏற்றும் கற்பூரத்தைச் சமையலில் சேர்க்கவே கூடாது.

களியும் தாளகமும்

மார்கழித் திருவாதிரை நாளில் சிவனுக்குக் களி படைப்பது தமிழ்நாட்டின் பழைய வழக்கம். சிதம்பரத்தில் ஆருத்ரா தரிசனம் நடக்கும் நாள் அது. சிவனடியார் சேந்தனார் அளித்த எளிய களியை இறைவன் ஏற்றுக்கொண்டார் என்பது இதன் பின்னுள்ள தொன்மம்.

இந்தக் களியின் நுட்பம் வறுப்பதில் இருக்கிறது. பச்சரிசியைச் சிவக்க வறுத்து ரவையாக உடைக்கிறார்கள். உலர்ந்த சூட்டில் மாவுச்சத்தின் நீண்ட சங்கிலிகள் சில துண்டாகின்றன. துண்டான சங்கிலிகள் பிசின் போல ஒட்டுவதில்லை. பொங்கல் குழைய வேண்டும், களியோ உதிராகவும் மெத்தென்றும் நிற்க வேண்டும். ஒரே பச்சரிசி வறுபட்டதால் வேறு குணம் பெறுகிறது. அரிசி ரவையை வெறும் கொதிநீரில் முழுதும் வேகவிட்டுப் பிறகு வெல்லத்தைச் சேர்ப்பது பாதுகாப்பானது. காரணத்தை மேலே பார்த்தோம்.

இனிப்பான களிக்குத் துணையாக வருவது காரமும் புளிப்புமான எழுகறிக் கூட்டு. திருநெல்வேலிப் பக்கம் அதைத் தாளகக் குழம்பு என்பார்கள். பரங்கிக்காய், வாழைக்காய், அவரைக்காய், மொச்சை, சேனை, சேப்பங்கிழங்கு, சர்க்கரைவள்ளி என்று அந்தப் பருவம் தரும் காய்களும் கிழங்குகளும் ஒற்றைப்படை எண்ணிக்கையில் சேர்கின்றன. இனிப்பையும் காரத்தையும் ஏன் ஒன்றாக வைத்தார்கள்? ஒரே சுவையைத் தொடர்ந்து உண்ணும்போது அந்தச் சுவை மட்டும் தெவிட்டிப்போகிறது. வேறு சுவைக்கான விருப்பம் குறைவதில்லை. ஆய்வாளர் பார்பரா ரோல்ஸும் அவருடைய குழுவினரும் 1981இல் சோதனை மூலம் இதை நிறுவினார்கள். களி தெவிட்டும்போது ஒரு வாய் கூட்டு அதை நீக்குகிறது, மறுபடி களி இனிக்கிறது. வெண்பொங்கலையும் சர்க்கரைப் பொங்கலையும் ஒரே இலையில் வைப்பதும் இதே நுட்பம்.

கூட்டிலும் வரிசை தவறக் கூடாது. காய்களின் செல்களை ஒட்டவைத்திருப்பது பெக்டின். வேகும்போது பெக்டின் கரைந்து காய் மெத்தென்று ஆகிறது. புளியின் அமிலம் இந்தக் கரைதலை மந்தப்படுத்துகிறது. புளித்தண்ணீரில் போட்ட காயும் பருப்பும் நெடுநேரம் விறைத்தே இருக்கும். எனவே பருப்பும் மொச்சையும் முதலில், கெட்டிக் காய்கள் அடுத்து, அவை முக்கால் பதம் வெந்ததும் புளி. கடினத் தண்ணீரிலும் பருப்பு வேகாது. அதில் உள்ள கால்சியம் பெக்டினை இறுக்கிக் கட்டிவிடுகிறது. ஆழ்துளைக் கிணற்று நீர் வரும் வீடுகளில் பருப்புக்கு மட்டும் நல்ல தண்ணீர் எடுத்துவைப்பது சரியான பழக்கம்.

சேனை அரிப்பதற்குக் காரணம் அதன் செல்களில் ஊசி வடிவில் இருக்கும் கால்சியம் ஆக்சலேட் படிகங்கள். அவை வாயின் மென்தோலில் குத்துகின்றன. நறுக்கிக் கழுவி, நன்றாக வேகவைத்து, புளியோடு சேர்த்துச் சமைப்பது அந்த அரிப்பைக் குறைக்கும் வழி. சர்க்கரைவள்ளிக்கு வேறு கவனம் தேவை. அதிலுள்ள ஒரு நொதி 60 முதல் 75 டிகிரி வரையிலான சூட்டில் மாவுச்சத்தை மால்டோஸ் சர்க்கரையாக மாற்றுகிறது. தனியே அவித்து உண்பதானால் குக்கரில் போட்டு விரைவாக வேகவைக்காமல், முழுக் கிழங்கைப் பானையில் மெல்லச் சூடேற்றினால் அந்த நொதிக்கு நேரம் கிடைக்கும், கிழங்கு கூடுதலாக இனிக்கும்.

உளுந்தங்களியும் எண்ணெயும்

தென் மாவட்டங்களில் பூப்பெய்திய பெண்களுக்கும் பிள்ளை பெற்றவர்களுக்கும் கொடுக்கும் உளுந்தங்களி, குளிர்நாளின் காலைக்கும் மிகப் பொருத்தமானது. கறுப்பு உளுந்து வறுத்து அரைத்த மாவு, கருப்பட்டி, நல்லெண்ணெய், இவ்வளவே பொருள்கள். உளுந்தில் 100 கிராமுக்குச் சுமார் 24 கிராம் புரதம் இருக்கிறது. புரதத்தைச் செரிக்க உடல் அந்தப் புரதத்தின் ஆற்றலில் 20 முதல் 30 விழுக்காடு வரை செலவிடுகிறது. அந்தச் செலவு முழுவதும் வெப்பமாக வெளிப்படுகிறது. மாவுச்சத்துக்கு இந்தச் செலவு 5 முதல் 10 விழுக்காடு, கொழுப்புக்கு 3 விழுக்காட்டுக்கு மேல் போகாது. உண்ட பின் சில மணி நேரம் உடலை மெய்யாகவே சூடாக்குவதில் பருப்பு வகைகளுக்குத்தான் முதலிடம்.

களி கட்டி தட்டுவது மாவு நேரே கொதிநீரில் விழுவதால். விழுந்த உருண்டையின் வெளிப்புற மாவு நொடியில் வெந்து பசையாகி உறையிட்டுக்கொள்கிறது. தண்ணீர் உள்ளே புக முடியாமல் நடுவில் பச்சை மாவு தங்குகிறது. மாவைப் பச்சைத் தண்ணீரில் கட்டியில்லாமல் கரைத்து, வடிகட்டிய கருப்பட்டிக் கரைசலோடு சேர்த்துச் சிறு தீயில் கிளறினால் துகள்கள் எல்லாம் ஒரே நேரத்தில் உப்பும். ஈரக் கையால் தொட்டால் ஒட்டாத பதம் வந்ததும் நல்லெண்ணெயை ஊற்றிச் சுருளக் கிளற வேண்டும்.

நல்லெண்ணெய் மார்கழியிலும் உறைவதில்லை. அதன் கொழுப்பு அமிலங்களில் பெரும்பகுதி நிறைவுறாதவை. தேங்காயெண்ணெய் 24, 25 டிகிரிக்குக் கீழே வெள்ளையாக உறைந்துவிடுகிறது. நெய் இரண்டுக்கும் வேறானது. பலவகைக் கொழுப்புகள் கலந்திருப்பதால் அதற்கு ஒரே உருகுநிலை கிடையாது. குளிர்ந்த காலையில் மணல் மணலாக நிற்கும், வாயின் சூட்டில் முழுதும் இளகிவிடும். அந்த இளக்கத்தில் நெய்யின் மணமும் அதில் கரைந்த மிளகின் காரமும் நாவெங்கும் பரவுகின்றன. ஆறிப்போன பொங்கலை உண்ணும்போது நெய் இளகாமல் மேலண்ணத்தில் படிகிறது, சுவை பாதிதான் கிடைக்கிறது.

அளவு

ஒரு தட்டு வெண்பொங்கலுக்கு 60 கிராம் அரிசி, 20 கிராம் பருப்பு, 15 கிராம் நெய் என்று வைத்தால் சுமார் 415 கிலோகலோரி வரும். பாதிக்கும் மேல் அரிசி, மூன்றில் ஒரு பங்கு நெய். அதைச் செரிக்கும் உழைப்பில் சுமார் 40 கிலோகலோரி வெப்பமாகிறது. முதலில் பார்த்த ரசத்தின் சூட்டைப்போல் எட்டு ஒன்பது மடங்கு. குளிரைத் தாங்க நம் சமவெளி மக்களுக்கு இதற்குமேல் தேவையில்லை. சென்னையின் 20 டிகிரிக்கு ஒரு போர்வை போதும். நெய்யை இரட்டிப்பாக்கக் குளிர் ஒரு காரணம் ஆகாது. வெல்லமும் கருப்பட்டியும் சர்க்கரைதான். அவற்றில் கனிமங்கள் சிறிதளவு இருந்தாலும் நீரிழிவு உள்ளவரின் இரத்தத்தில் அவை செய்யும் வேலை சர்க்கரையின் வேலையே. அவர்களுக்குச் சர்க்கரைப் பொங்கல் ஒரு கரண்டி, பருப்பு கூட்டிய வெண்பொங்கலும் கூட்டும் ரசமும் நிறைவாக.

சூட்டுக்கும் ஓர் எல்லை வேண்டும். 65 டிகிரிக்கு மேற்பட்ட பானங்களைத் தொடர்ந்து குடிப்பது உணவுக்குழாய்ப் புற்றுநோய்க்கு வழிவகுக்கக்கூடும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2016இல் வகைப்படுத்தியது. அடுப்பிலிருந்து இறக்கிய ரசத்தையும் சுக்குக் காப்பியையும் சில நிமிடம் ஆறவிட்டு, உதடு தாங்கும் சூட்டில் குடியுங்கள். மிளகும் சுக்கும் மீதிச் சூட்டைக் கொடுத்துவிடும்.

இந்தச் சமையலுக்கு அரிய பொருளோ விலையுயர்ந்த கருவியோ தேவையில்லை. பருப்பை வறுத்த பிறகு வேகவையுங்கள், அரிசி முழுதும் குழைந்த பிறகு வெல்லம் சேருங்கள், காய் வெந்த பிறகு புளி ஊற்றுங்கள், மிளகை அப்போதைக்கப்போது இடித்து நெய்யில் பொரியுங்கள், எல்லாவற்றையும் சூடாகப் பரிமாறுங்கள். இந்த வரிசையை வீட்டில் வளரும் பிள்ளைகளுக்குக் காரணத்தோடு சொல்லிக்கொடுங்கள். காரணம் தெரிந்தவர் கையில் சமையல் பிசகுவது குறைவு.